மூணாவது தரம்

நம்பாதவுக எந்திரிச்சுப் போயி டீ குடிச்சிட்டு வாங்க, நம்புறவுக உக்காருங்க, ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறவுக அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்கங்க, ஒரு காலு ஆடும், பரவாயில்ல. நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுல இருவத்தஞ்சு வருசமா ஏலம் விட்ட அழகுமலையண்ணனோட குரல்ல பாதி, அவர் வீட்டு டிவிக்குக் கீழ இருந்த பன்னெண்டு இஞ்ச் ஊஃபருங்கிற கனத்த ஸ்பீக்கர் பொட்டிக்குள்ள எறங்குனது ஒரு செவ்வாக்கெழம காலையில, அடுப்புல இட்லி வெந்துக்கிட்டு இருக்கையில. எறக்கி விட்டவன் நான்தான். சோணைன்னா ஊருக்கே தெரியும். மைக்கு செட்டு, ஆம்ப்ளிஃபையர் ரிப்பேரு, அஞ்சாப்பு பெயிலு.

அந்தக் குரல் என்னா குரலுங்கிறீங்க! மைக்கு கெடையாது, ஒண்ணு கெடையாது. மேடையில திண்ணமா ஏறி நின்னு "மல்லி ஒரு தரம்"னு எடுத்தாருன்னா கூடைக்குள்ள மொட்டா கெடக்குறது பொறுக்கமாட்டாம வெடிச்சுரும்பாய்ங்க. "ரெண்டு தரம்"னா யாவாரி கையில வேர்வை வந்துரும். "மூணு தரம்"னு சொல்லிட்டாருன்னா சரக்கு போச்சு, ஆண்டவனே வந்தாலும் திரும்பாது. மூணாவது தரம் வரலைன்னு வைங்க, கூடைய தலையில தூக்கி வச்சுக்கிட்டு நீங்க பஸ்சே ஏறியிருந்தாலும் பூ வெவசாயியோடதுதான், எறக்கி வச்சிட்டுப் போகணும். எங்க ஊருல இதுதான் சட்டம், பூவுக்கும் இதுதான், பொண்ணுக்கும் இதுதான். நிச்சயத்துல பொண்ணப் பெத்தவன் எந்திரிச்சு நின்னு "குடுத்தேன்"னு மூணு தரம் சொன்னாத்தான் குடுத்ததா அர்த்தம்.

அண்ணனுக்குப் பொண்டாட்டி செத்து எட்டு வருசம். ஒரே மக, நாகஜோதி, திண்டுக்கல்லுல காலேஜ் முடிச்சவ. அப்பறம் செத்தவளோட தம்பி போதுராசா. அக்கா பாலூத்துக்கு வந்தவன் இன்னும் ஊருக்குப் போகல. போதுராசாவுக்குக் குரலு கீச்சுக்குரலு, கதவுக்கு எண்ணெய் போடாத மாதிரி.

மார்க்கெட்டுல கமிசன் மண்டி வச்சிருந்த குருவய்யா, தன் மகனுக்கு நாகஜோதியக் கேட்டாரு. மகனுக்கு ரெண்டாந்தாரம். மொதப் பொண்டாட்டி கெணத்துல கெடந்தா. அவளா விழுந்தாள்னு எல்லாரும் சொன்னாய்ங்க, யாரும் கேக்காம இருந்தாலும் தேடி வந்து சொன்னாய்ங்க. போதுராசாவுக்கு மார்க்கெட்டு வாசல்ல ஒரு கடை ஒதுக்கித் தர்றதாப் பேச்சு. அதனால அவனும் சொன்னான், அவளா விழுந்தாள்னு.

நாகஜோதி அப்பன் முன்னாடி வந்து நின்னா. "கெணத்து வீட்டுக்கு நான் போகமாட்டேம்ப்பா."

"என் வாயில மூணாவது தரம் வராது தாயி, நீ போயிப் படு"ன்னாரு அண்ணன். அம்புட்டுத்தான். அந்த வீட்டுக்கு அந்தக் குரலு பூட்டு மாதிரி.

இந்த லட்சணத்துல, இருவத்தஞ்சு வருசம் ஏலம் விட்டதுக்கு மரியாதையா மார்க்கெட்டுக்காரய்ங்க ஒரு ஊஃபரும் ஆம்ப்ளிஃபையரும் வாங்கி, துண்டு போத்திக் குடுத்தாய்ங்க. கூட வச்சுப் பாட சின்னப் பொட்டி ரெண்டு வாங்க மறந்துட்டாய்ங்க, மாலைய மட்டும் மறக்கல. திங்கக்கெழம அண்ணன் போதுராசாவக் கூட்டிக்கிட்டு நம்ம கடைக்கு வந்தாரு.

"சோணை, அந்தக் கனத்த பொட்டிக்கு ஜோடி போடணும்டா. சின்னதா ரெண்டு குடு. ஷோகேஸ்ல வைக்கணும்."

"அதுக்குப் பேரு புக்ஷெல்ஃப் ஸ்பீக்கருண்ணே. புக்கு வைக்கிற அலமாரியில வைக்கிறது. ஒங்க வீட்ல புக்கு இருக்கா?"

"ரேசன் புக்கு இருக்கு."

"போதும், ஏகப்பட்டது. இதுலயும் ரெண்டு சாதி இருக்குண்ணே. ஒண்ணு உள்ளயே ஆம்ப்ளிஃபையரோட பொறந்தது, தானா கத்தும். இன்னொண்ணு பாசிவ். அது தானா ஒண்ணுஞ் செய்யாது, சொல்லாது. இன்னொருத்தன் கரண்டு குடுத்து, பாட்டக் குடுத்து, பின்னாடி இருந்து தள்ளுனாத்தான் வாயத் தொறக்கும்."

"எங்க மாப்ள மாதிரியா?"ன்னு போதுராசாவப் பாத்தாரு அண்ணன்.

"மச்சான் இன்னைக்கு நல்லாப் பேசுறாக, பேசட்டும்"னான் போதுராசா. இந்தச் சொல்ல ஞாபகம் வச்சுக்கங்க.

நான் தொழில மறைக்கல, முழுசாச் சொன்னேன். "ஊஃபரு கனமான சத்தத்த மட்டும் தூக்குற ஆளுண்ணே. மேல இருக்குறத சின்னப் பொட்டி தூக்கும். நடுவுல ஒரு எடத்துல சின்னவன் கைய விடுவான், பெரியவன் புடிக்கணும், சட்டியும் அகப்பையும் மாதிரி. ஆறரை இஞ்ச் பொட்டி போட்டீங்கன்னா நல்லாக் கீழ வரைக்கும் எறங்கி வந்து எம்பது ஹெர்ட்ஸ்ல கைய விடும், அதுல மனுசக் குரல் ஊஃபரு பக்கமே போகாது. எட்டு ஓம்ஸ் பாத்து எடுத்தா ஆம்ப்ளிஃபையருக்கும் மேல் வலிக்காது." அப்படின்னு சொல்லி, ரிட்டேரான ரயில்வே கார்டு ஒருத்தரு வித்துட்டுப் போன தேக்குப் பொட்டி ஜோடியத் தொடச்சுக் காட்டுனேன். அண்ணன் அதத் தடவித் தடவிப் பாத்தாரு, மாடு வாங்குறவன் முதுகத் தடவுற மாதிரி.

போதுராசா கைய விரிச்சு அளந்தான். "ஷோகேஸ்ல எடம் பத்தாது மச்சான். அக்கா போட்டோவ எடுக்கணும். அந்தா அந்த வெள்ளக் குட்டி நல்லாருக்கு."

அது மூணு இஞ்ச். பிளாஸ்டிக். நூத்தம்பதுலயே கைய விட்டுட்டு ஓடிருற சாதி. அத ஜோடி போட்டா ஊஃபரு அண்ணாந்து மேல ஏறி வந்து மனுசக் குரலயும் சேத்துப் புடிக்கணும். எனக்குத் தெரியும். தெரிஞ்சும், "பொண்டாட்டி போட்டோவ எடுக்கச் சொல்லி எவன் பாவம் சொமக்குறது"ன்னு ஒரு சிரிப்பு சிரிச்சு, வெள்ளக் குட்டியவே கட்டிக் குடுத்துட்டேன்.

செவ்வாக்கெழம காலையில ஆளு விட்டாரு. போனேன். "பாட்டு வருதுடா, பாடுறவன் நடுவுல எங்கயோ பள்ளத்துல விழுந்துர்றான்"னாரு. விழுகத்தான் செய்வான். நான் குனிஞ்சு ஊஃபரு முதுகுல இருந்த திருகப் புடிச்சு, நூறு, நூத்தம்பது, எரநூறுன்னு கடைசி வரைக்கும் திருகுனேன். அண்ணன் ஷோகேஸ் பக்கத்துல நின்னுக்கிட்டு, "ஆங், இப்பச் சரியா இருக்கு"ன்னாரு.

அவர் வாயில இருந்து வந்தது விசில்ல பட்டாணி உருளுற சத்தம். மிச்சக் கனம் பூராவும் ஊஃபருல இருந்து வந்துச்சு. அடுப்புல இட்லிச் சட்டி மூடி தடதடன்னு ஆடுச்சு.

நாகஜோதி கரண்டியோட எட்டிப் பாத்தா. "அப்பா, சளி புடிச்சிருக்கா?"

திருகத் திருப்பிப் பாத்தேன், வரல. ஒயரப் புடுங்குனேன், கனம் மொத்தமாப் போயி கீச்சு மட்டும் நின்னுச்சு. மாட்டுனேன், கனம் வந்துச்சு, ஊஃபருல. டாக்டருகிட்டப் போனாக. அவரு டார்ச்சு அடிச்சுப் பாத்துட்டு, தொண்டை நல்லாருக்கு, பொட்டிய மெக்கானிக்குக்கிட்டக் காட்டுங்கன்னுட்டாரு. மெக்கானிக்கு நான்தான். நான் டாக்டரக் காட்டச் சொல்லியிருந்தேன்.

மறுநா மார்க்கெட்டுல அண்ணன் ஏறி நின்னு வாயத் தொறந்தாரு. கீய்ய்ய்னுச்சு. பூக்கட்டுற பொம்பளைங்க சேலையில வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாளுக, அப்பறம் பொத்தாமச் சிரிச்சாளுக. "கொசுண்ணே, சம்பங்கி என்னா தரம்?"னான் ஒருத்தன். அதே நேரத்துல ரெண்டு தெரு தள்ளி அவர் வீட்டுக்குள்ள "மல்லி ஒரு தரம்"னு இடி எறங்கி, பக்கத்து வீட்டுக்காரி கொடியில துணி எடுக்க ஓடுனா. யாரும் ஆச்சரியப்படல. பூ வாடுற பொருளு, ஆச்சரியப்பட்டுக்கிட்டு நின்னா மதியத்துக்குள்ள நாறிரும். மூணுசக்கர வண்டிய அனுப்பி ஊஃபரத் தூக்கிட்டு வந்து, ஏலம் விடுற மேடையில சாக்க விரிச்சு வச்சாய்ங்க, அண்ணன் பக்கத்துல நின்னு கீச்சிட்டாரு, ஊஃபரு கனத்தச் சேத்துக் குடுத்துச்சு, யாவாரம் பழையபடி நடந்துச்சு. என்னா, யாவாரிக எல்லாரும் ஊஃபரப் பாத்துத் தலையாட்டுனாய்ங்க. மனுசன ஒருத்தனும் பாக்கல.

அப்பறம் அதுக்குச் சந்தனம் வச்சாய்ங்க. அப்பறம் மல்லி சரம். அப்பறம் "பெரியவரு"ன்னு பேரு. அழுகுற புள்ளைய அது பக்கத்துல படுக்கப் போட்டா தூங்கிருதுன்னாளுக. புருசங்கூடச் சண்டை போட்டவ வந்து அதுல முதுகச் சாச்சு உக்காந்தா வலி போயிருதுன்னா. ஒரு பூனை பின்னாடி குட்டி போட்டுச்சு, நல்ல சகுனம்னாய்ங்க. ஒருநா அண்ணனுக்குக் காச்சலு, வரல. ஏலம் நிக்கக் கூடாதேன்னு போதுராசா மேடையில ஏறி, "ரோசு ஒரு தரம்"னு தன் கீச்சுக்குரல்ல ஆரம்பிச்சான். ஊஃபரு அவனுக்கும் கனத்தக் குடுத்துச்சு. கீச்சுக்குரலுக்கு எந்தக் கீச்சா இருந்தா என்னா! அச்சு அசல் அழகுமலை.

மூணாம் நா அண்ணன் காச்சலு விட்டு வந்து, "எறங்குடா மாப்ள"ன்னாரு. கேக்கல. கத்துனாரு. "யாரோ விசிலடிக்கிறாய்ங்க"ன்னான் ஒருத்தன்.

விசயம் குருவய்யா முன்னாடிப் போச்சு. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு மண்டி வாசல்ல நின்னு தீர்ப்புச் சொன்னாரு: "சொல்லுக்கு எடைதாம்ப்பா முக்கியம். எடை அழகுமலையோடது, அப்ப சொல்லும் அழகுமலையோடது. வாயி எவன் வாயா இருந்தா என்னா?" கூட்டம் பூராத் தலையாட்டுச்சு. என் தலையும் ஆடுச்சு, பொய் சொல்லல. அண்ணன் கையில வெளக்குமாத்தக் குடுத்துக் காம்பு கூட்டச் சொன்னாய்ங்க. கூட்டுனாரு. ராத்திரிக்கு ஊஃபர போதுராசா, குருவய்யா மண்டிக்குள்ள வச்சுப் பூட்டிச் சாவிய அரணாக்கயித்துல கட்டிக்கிட்டான்.

அடுத்த வாரமே நிச்சயத்துக்கு நாளு குறிச்சாய்ங்க, ஆவணி வெள்ளி, காலை பத்தரை. இனிமே அந்த வீட்டுக்குத்தான் பூட்டு இல்லையே.

அப்பனும் மகளும் கடைக்கு வந்தாக. அவ முகத்துல அழுகை இல்ல, கடுகு பொரிஞ்ச மாதிரி ஒரு கோவம். "சோணைண்ணே, நீதான திருகுன. நீயே திருப்பு. வெள்ளிக்கெழம எங்கப்பா எந்திரிச்சு, கனமா, மாட்டேன்னு ஒரே ஒரு தரம் சொன்னாப் போதும்."

அண்ணன் தேக்குப் பொட்டியக் காட்டிக் கீச்சிட்டாரு: "அதப் போடுடா. அன்னைக்கே அதப் போட்டிருக்கணும்."

"ஷோகேஸ்ல எடம்?"

"போட்டோவ எடுத்துட்டேன். அவ மன்னிப்பா."

எனக்கும் கணக்கு சரியாத்தான் பட்டுச்சு. நல்ல ஜோடியப் போட்டு, திருக எம்பதுக்கு எறக்குனா, ஊஃபரு மனுசக் குரல விட்டுத்தானே ஆகணும்? விட்டா அது எங்க போகும், பெத்த தொண்டைக்குத்தானே? சத்தியம் பண்ணேன். ஊஃபரு வீட்டுக்கு வர்றது வெள்ளிக்கெழம காலையிலதான், அதுக்கு முன்னாடி தொட முடியாது.

வெள்ளிக்கெழம போனேன். பந்தலு, வாழமரம், மார்க்கெட்டே வந்திருந்துச்சு. ஊஃபரு நடுக்கூடத்துல நாற்காலியில மாலையோட உக்காந்திருந்துச்சு. அண்ணன் தரையில. தேக்குப் பொட்டியப் பாத்த போதுராசா, "போடு போடு, விசேசத்துக்கு நல்லாத்தான இருக்கும்"னான். மாட்டுனேன். ரெண்டு ஒயரு, நாலு முனை, அரை நிமிசம். குனிஞ்சு திருக எம்பதுக்கு எறக்குனேன்.

ஊஃபருக்குள்ள இருந்து கனம் எந்திரிச்சுச்சு. கெணத்துல தண்ணி ஏறுற மாதிரி ஏறி ஏறி தேக்குப் பொட்டிக்குள்ள போயி நின்னுச்சு. அம்புட்டு சுத்தமான ஜோடி, எங்க விட்டான் எங்க புடிச்சான்னு தெரியல. அண்ணன் சந்தோசத்துல எந்திரிச்சு, "ஜோதீ"ன்னாரு. அந்தக் கூப்பாட்டுல தன் மிச்சப் பாதி எங்க நிக்கிதுன்னு வாயில இருந்த கீச்சுக்குத் தெரிஞ்சுபோச்சு. மாட்டப் பாத்த கன்னுக்குட்டி கயித்த அத்துக்கிட்டு ஓடுற மாதிரி அதுவும் தொண்டையில இருந்து எறங்கி, கூடத்தக் கடந்து, பொட்டிக்குள்ள போயிருச்சு.

"ஜோதீ"ங்கிறது முழுசாக் கேட்டுச்சு, பழைய குரலு, இருவத்தஞ்சு வருசக் குரலு, பொட்டியில இருந்து. அண்ணன் மறுக்கா வாயத் தொறந்தாரு. காத்துக்கூட வரல.

அப்பத்தான் எனக்கு ஒறச்சுச்சு. நாந்தான சொன்னேன், பாசிவ், தானா ஒண்ணுஞ் சொல்லாது, பின்னாடி இருந்து தள்ளுறவன் குடுத்ததத்தான் சொல்லும்னு. விசேசத்துக்குன்னு ஆம்ப்ளிஃபையருல செருகியிருந்த மைக்கு போதுராசா கையில.

அண்ணன் என்னப் பாத்தாரு. நாகஜோதி என்னப் பாத்தா. என் கை ஒயரு மேலதான் இருந்துச்சு. குருவய்யாவும் பாத்தாரு. சித்திரைத் திருவிழாவுக்கு மார்க்கெட்டு மண்டகப்படி மைக்கு செட்டு யாருக்குன்னு சொல்றவரு அவருதான். நான் கைய எடுத்துட்டேன். எடுத்து, தலையச் சொறிஞ்சேன். அரிப்பே இல்ல.

தட்டு வந்துச்சு. போதுராசா மைக்க வாய்க்கிட்ட வச்சு, "அழகுமலையாகிய நான் எம்மக நாகஜோதிய, ஒரு தரம் குடுத்தேன்"னான். பொட்டியில இருந்து அண்ணன் சொன்னாரு, மல்லி மொட்டு வெடிக்கிற குரல்ல. தரையில நின்ன அண்ணன் தலைய இங்கிட்டும் அங்கிட்டும் ஆட்டுனாரு, வாயத் தொறந்து தொறந்து மூடுனாரு, குளத்துல தண்ணி வத்துனா கெளுத்தி மீனு பண்ற மாதிரி. "பாவம், மகளப் பிரியிற துக்கம்"னா ஒருத்தி. இன்னொருத்தி அவருக்கு விசிறுனா.

"ரெண்டு தரம் குடுத்தேன்."

மூணாவது தரத்துக்கு முன்னாடி பொண்ணு பெத்தவன் கால்ல விழுந்து கும்பிடணும். நாகஜோதி எந்திரிச்சா, பட்டுச்சேலை சரசரக்க நடந்தா, அப்பனத் தாண்டுனா, பொட்டிகளுக்கு முன்னாடி நெடுஞ்சாங்கிடையா விழுந்தா. "எடை எங்க இருக்குன்னு புள்ளைக்குத் தெரியிது பாருங்க"ன்னு குருவய்யாவுக்குப் பூரிப்புத் தாங்கல. கூட்டம் அட்சதைய எறிஞ்சுச்சு. போதுராசா மைக்குல "மூணு தரம் குடுத்தேன்"னான்.

அவன் சொன்னது ஒயருல ஏறிப் பொட்டிக்குள்ள நொழஞ்ச நேரமும், கும்புட்ட கை ரெண்டும் நீண்டு நாலு முனையையும் ஒண்ணாப் புடுங்குன நேரமும் ஒண்ணு. சொல்லு உள்ள போயிருச்சு. வெளிய வரல.

அட்சதை ஒண்ணு ரெண்டு மட்டும் விழுந்துச்சு.

போதுராசா மைக்கத் தூக்கி எறிஞ்சுட்டு, தொண்டை நரம்பு பொடைக்க, "மூணு தரம்! மூணு தரம் குடுத்தேன்!"னு கீச்சுனான். பந்தல்ல இருந்த அம்புட்டுப் பேரும் பூக்காரய்ங்க. மூணாவது தரம் எடையோட வராத சரக்க வாங்குன பழக்கம் அந்தச் சனத்துக்குக் கெடையாது. பின்னாடி இருந்து ஒரு கெழவரு, "நீ யார்றா விசிலு?"ன்னாரு. சிரிப்பு ஒரு மூலையில ஆரம்பிச்சுப் பந்தல் பூராப் பரவுச்சு. அண்ணனப் பாத்துச் சிரிச்ச அதே சிரிப்பு, பல்லு மாறல.

குருவய்யா சிரிக்கல. தன் வாயால சொன்ன தீர்ப்பு, முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. கடைசியில எந்திரிச்சு, "பொட்டி உள்ள வாங்கிருச்சுல்ல? என்னைக்காச்சும் சொல்லும். அன்னைக்கு வந்து எடுத்துக்குறோம். அதுவரைக்கும் தட்டு எங்களதுதான், பேச்சு அப்படியே நிக்கிது"னு சொல்லிட்டுச் சனத்தோட சாப்புட உக்காந்தாரு. பந்தி வீணாகக் கூடாதுல்ல, நானும் உக்காந்தேன்.

அண்ணன் மட்டும் உக்காரல. கக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு பொட்டியையும் இடுக்கிக்கிட்டு வெளிய போனாரு. நேரா நம்ம கடைக்கு வந்து, அந்தா மேல் பலகை, அதுல வச்சிட்டுக் கீழ உக்காந்தாரு. மூணு வருசமாச்சு, அங்கதான் உக்காந்திருக்காரு. வணக்கம் வைங்க, காது நல்லாக் கேக்கும்.

எனக்கு வெளங்குன வரைக்கும் இதுதான் நெலவரம். அந்தப் பொட்டிக்குள்ள அவரோட குரல் முழுசா இருக்கு, சேதாரமில்லாம. ஆனா கடைசியா உள்ள போனது வாசல்ல நிக்கும்ல? வாசல்ல நிக்கிறது "மூணு தரம் குடுத்தேன்". ஒயர மாட்டுனா மொத அதுதான் வெளிய வரும், அதுக்குப் பின்னாடிதான் மத்தது. அவரு வாய் தொறந்து ஒரு சோறு கேக்கணும்னாலும் மகளக் குடுத்துட்டுத்தான் கேக்கணும். அதனால கேக்குறதில்ல. குருவய்யா முகூர்த்த நாளுக்கு நாளு ஒரு ஆள, பேட்டரியோட, கைக்கு அடக்கமா ஒரு ஆம்ப்ளிஃபையரோட, அனுப்புறாரு. வந்து அந்த ஸ்டூல்லதான் உக்காருவான். ஒரு காலு ஆடுதுன்னு சொன்னேன்ல, அவன் ஆட்டுனதுதான்.

நாகஜோதி இப்பக் கோயமுத்தூருல ஒரு பூக்கடை வச்சிருக்கா. தெனம் மதியம் ஒரு மணிக்கு என் போனுக்குக் கூப்புடுவா. நான் ஸ்பீக்கருல போட்டு அண்ணன் கையில குடுப்பேன். "அப்பா, சாப்ட்டியா?"ன்னு கேப்பா. அவரு நகத்தால போன ரெண்டு தட்டு தட்டுவாரு. "ஜோதி"ன்னு கூப்புடுப்பான்னு ஒரு தடவ, மொத வருசம், கேட்டுட்டா. அவரு தட்டுன தட்டுல போன் கண்ணாடி கீறிருச்சு. அப்பறம் அவ கேக்குறதில்ல.

நேத்து ஒருத்தரு வந்தாரு, புதுசா ஊஃபரு வாங்கியிருக்காராம், ஜோடிக்கு நல்ல புக்ஷெல்ஃப் வேணுமாம். மேல பாத்தாரு. "அண்ணே, அந்தத் தேக்கு ஜோடி என்னா அருமையா இருக்கு! ஒரே ஒரு பாட்டு போட்டுக் காட்டுங்களேன்."

"அது பாடாதுங்க. வேற பாருங்க"ன்னேன். ஆனா சொல்லையில என் கண்ணு ஒயரு தொங்குற ஆணிக்குப் போயிருச்சு. மூணு வருசமாச்சுங்க அந்தக் குரலக் கேட்டு. ரெண்டு ஒயரு, நாலு முனை, அரை நிமிச வேலை. ஒரே ஒரு தடவ கேட்டுட்டா என்னான்னு கை அரிக்குது, இந்தத் தடவ நெசமாவே அரிக்குது.

அண்ணனுக்கு அது தெரியும். நான் கடையில இருக்கையில மனுசன் ஒண்ணுக்குக்கூட எந்திரிக்கிறதில்ல.